மடிப்பு மின்சார சைக்கிள்: வண்டி பிரமாதம், விதிகளைப் பார்த்து வாங்குங்கள்

கார் இல்லாமலே நகரத்தில் காலம் தள்ளுவது என்று முடிவெடுத்து வாங்கிய வண்டி இது. 250 வாட் மோட்டார். பெடலை மிதித்தால்தான் துணைக்கு வரும். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் விலகிக்கொள்ளும். பை நிறையச் சாமானோடு மேடு ஏறினாலும் முழங்கால் வலிப்பதில்லை. மழையிலும் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. மடிப்பில் ஆட்டம் இல்லை. எடைதான் குறை: மாடிப்படியில் தூக்குவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. வெயிலில் திரையில் எண் தெரிவதில்லை.

45 கிலோமீட்டர் வேகம் போகும் மாடலைத்தான் கடைக்காரர் முதலில் காட்டினார். பல நாடுகளின் சட்டத்தில் அது சைக்கிளே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்திலேயே 2017 முதல் அந்த வகைக்கு மொபெட் விதிகள்: நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், ஹெல்மெட், ஓட்டுநர் உரிமம். ஊருக்குள் பெரும்பாலும் கார்களோடு சேர்ந்துதான் ஓட்ட வேண்டும். உரிமம் இல்லாததால் கார் ஓட்டாதவருக்கு இந்தக் கதவும் அடைபடுகிறது. அமெரிக்காவின் மத்திய சட்டமோ 750 வாட்டுக்குக் குறைவானதைச் சைக்கிள் என்கிறது. அங்கே வாங்கியதை ஐரோப்பாவில் இறக்கினால் மோட்டார் வாகனம் ஆகிவிடலாம்.

மடிப்பு வசதியை வெறும் இடச் சிக்கனம் என்று நினைக்காதீர்கள். லண்டன் பாதாள ரயிலில் 2025 மார்ச் 31 முதல் மடிக்காத மின்சார சைக்கிளை ஏற்றக் கூடாது, மடித்ததை ஏற்றலாம். பேட்டரி தீப்பிடிக்கும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ரயிலும் சைக்கிளும் சேர்ந்தால்தான் நகரத்தின் ஓரத்தில் குடியிருப்பவர் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியும்.

நின்றுகொண்டே ஓட்டும் மின்சார ஸ்கூட்டரையும் யோசித்தேன். பாரிஸில் 2023 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்புக்குப் பின் வாடகை ஸ்கூட்டர்களை எடுத்துவிட்டார்கள். வாக்களித்தவர்கள் 8 சதவீதத்துக்கும் குறைவு. அங்கே சொந்த ஸ்கூட்டர் ஓட்டலாம். கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தில் நேர்மாறு: சோதனை முறையில் அனுமதித்திருக்கும் ஊர்களில் வாடகை ஸ்கூட்டர் ஓட்டலாம், சொந்த ஸ்கூட்டரோடு பொதுச் சாலையில் இறங்கினால் குற்றம். காசு போட்டு வாங்குபவர் எதை நம்புவது? கார் வாங்குபவருக்கு இந்தக் கவலை உண்டா?

ஐந்துக்கு நான்கு தருகிறேன். கடையில் வாட், வேக வரம்பு இரண்டும் பொறித்த தகட்டைக் காட்டச் சொல்லுங்கள். வேக வரம்பை நீக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுபவர்தான்.