பழைய கார்டன் டிராக்டரில் பின் பி.டி.ஓ: பெல்ட்டா, ஷாஃப்ட்டா, ஹைட்ராலிக்கா?

பழைய கார்டன் டிராக்டர் வைத்திருப்பவருக்கு ஒரு கட்டத்தில் புல் வெட்டுவது மட்டும் போதாமல் போகும். பின்னால் ஒரு ரொட்டவேட்டரையோ, கிளை அரைக்கும் மெஷினையோ மாட்ட ஆசை வரும். இன்ஜினில் அதற்கான பலம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பழைய வண்டிகளில் அது முன்பக்கப் புல்லியோடு நின்றுவிடுகிறது. இன்ஜின் பலத்தைக் கருவிக்குக் கொடுக்கும் இணைப்பைத்தான் பி.டி.ஓ என்கிறார்கள். அந்தப் பலத்தைப் பின்னுக்குக் கொண்டுவர மூன்று வழி உண்டு: நீளமான பெல்ட், இரும்பு ஷாஃப்ட், ஹைட்ராலிக் மோட்டார்.

எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். பெரிய டிராக்டருக்கான கருவிகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்யப்பட்டவை. அவற்றுக்கான ஷாஃப்ட் 1⅜ அங்குலம், ஆறு பல் ஸ்பிளைன், அதாவது முனையில் நீளவாக்கில் ஆறு பல் வெட்டியது. வண்டியின் பின்னால் நின்று பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். கார்டன் டிராக்டர் கருவிகளிலோ 2000 சுற்று கேட்பவையும் உண்டு. இந்த வண்டிகளில் அதிகம் காணப்படும் கோலர் கே சீரிஸ் இன்ஜினின் முழு வேகம் 3600. அதை 2000-க்கு இறக்க 1.8 மடங்கு குறைத்தால் போதும். 540-க்கு இறக்க 6.67 மடங்கு குறைக்க வேண்டும். கருவி எந்த வேகம் கேட்கிறது என்று பார்க்காமல் மாட்டினால் ஆபத்து. 540-க்கான ரொட்டவேட்டரை 2000-ல் ஓட்டினால் அது மூன்றரை மடங்குக்கும் மேலான வேகத்தில் சுற்றும்.

பெல்ட்டிலிருந்து தொடங்குகிறேன், என் மனம் சாய்வது அந்தப் பக்கம்தான். ஒரே பெல்ட்டில் 540-ஐப் பிடிக்க முடியாது. இன்ஜின் பக்கம் 3 அங்குலப் புல்லி என்றால் பின்னால் 20 அங்குலப் புல்லி வேண்டும், அதற்கு வண்டிக்கு அடியில் இடமே கிடையாது. நடுவில் ஒரு ஷாஃப்ட் வைத்து இரண்டு படியாக இறக்கினால் 3-க்கு ஏறத்தாழ 7¾ அங்குலம் போதும். வீல் ஹார்ஸ் போன்ற பழைய வண்டிகளின் ரொட்டவேட்டர்களில் பெல்ட் வேகமாகவே பின்னால் வரும். மிச்ச வேகத்தை ரொட்டவேட்டரே தனக்குள் குறைத்துக்கொள்ளும். நல்ல யோசனை அது.

பெல்ட்டின் பெரிய குணம், கல்லோ வேரோ சிக்கும்போது தெரியும். முதலில் கீச்சென்று சத்தம், அடுத்து ரப்பர் கருகும் வாசனை. அதற்குள் கை லீவருக்குப் போய்விடும். கியர் உடையாது, கிராங்க் ஷாஃப்டுக்கும் ஒன்றும் ஆகாது, போனால் ஒரு பெல்ட் போகும். குறை என்றால், புல்லிகள் நேர்கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட் சீக்கிரம் தேயும், எண்ணெய் பட்டால் வழுக்கும். புல்லிகளின் முகத்தில் நேரான இரும்புப் பட்டை ஒன்றை வைத்துப் பாருங்கள், கோணல் உடனே தெரிந்துவிடும். முன்னால் மின்சார கிளட்ச் இருந்தால் அதன் இடைவெளியையும் பாருங்கள். சுற்றிலும் மூன்று சின்ன ஜன்னல் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து, மூன்றிலும் 0.3 முதல் 0.45 மில்லிமீட்டருக்குள் சமமாக வரும்படி நட்டைத் திருக வேண்டும். கிளட்ச் பிடிக்கவில்லை என்று புதிதாக வாங்கியவர்கள் பலருக்கும் இந்தப் பத்து நிமிட வேலையே போதுமாக இருந்திருக்கும்.

ஷாஃப்ட் வேறு ரகம். வழுக்கல் இல்லை, பலம் அப்படியே போய்ச் சேரும். சிக்கலும் அதனால்தான். 16 குதிரைத்திறன் இன்ஜின் 3600 சுற்றில் தரும் முறுக்குவிசை 32 நியூட்டன் மீட்டர்தான். அதே பலம் 540-க்கு இறங்கும்போது 210-ஐத் தொடும். தகரம் மடித்துச் செய்த சட்டத்தில் நான்கு போல்ட் போட்டு கியர்பாக்ஸைத் தொங்கவிட்டால் சட்டம் விரிசல் விடும். கருவியோடு ஷியர் போல்ட் (சிக்கும்போது தான் உடைந்து மற்றதைக் காப்பது) வந்திருந்தால் அதையே போடுங்கள். கையில் கிடைத்த கெட்டி போல்ட்டை அந்த இடத்தில் மாட்டாதீர்கள்.

அப்புறம் ஜாயிண்ட். ஷாஃப்ட் சாய்ந்தபடியே சுற்ற உதவும் மூட்டுதான் யு-ஜாயிண்ட். ஒரே ஒரு யு-ஜாயிண்ட் 30 டிகிரி சாய்ந்தால், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் 13 சதவீதம் இறங்கி 15 சதவீதம் ஏறும். 15 டிகிரியில் அந்த ஏற்ற இறக்கம் மூன்றரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு ஜாயிண்ட் போட்டு, இரண்டு பக்கக் கோணமும் சமமாக, ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கவைகள் (ஜாயிண்டைப் பிடிக்கும் U வடிவப் பகுதிகள்) ஒரே வரிசையில் இருந்தால் ஒன்றின் குலுங்கலை மற்றது சரிசெய்யும். நான் வாங்கிய பழைய ஷாஃப்ட் ஒன்று ஓடத் தொடங்கியதும் சீட் வரை அதிர்ந்தது. பேரிங் போய்விட்டது என்றே நினைத்தேன். கழற்றிப் பார்த்தால் கவைகள் ஒரு பல் தள்ளிக் கோக்கப்பட்டிருந்தன. மாற்றிச் செருகியதும் அதிர்வு நின்றது.

ஷாஃப்ட் வாங்குபவர் திசையையும் பார்க்க வேண்டும். 1947 முதல் தயாரான ‘ஃபார்மால் கப்’ என்ற டிராக்டர், கார்டன் டிராக்டரைவிட ஒரு படி பெரியது. அதன் பின் பி.டி.ஓ இன்ஜின் வேகத்திலேயே, அதுவும் இடஞ்சுழியாகச் சுற்றும். 540 கருவி மாட்ட வேகத்தைக் குறைத்துத் திசையைத் திருப்பும் கியர்பாக்ஸ் வேண்டும். இன்னொன்று: அதன் பி.டி.ஓவும் சக்கரமும் ஒரே கிளட்சுக்குப் பின்னால் இருப்பதால், கனமான சுழல் வெட்டியை மாட்டியிருக்கும்போது கிளட்சை மிதித்தாலும் வெட்டியின் வேகம் வண்டியை முன்னே தள்ளும். ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் கப்ளிங் இல்லாமல் அந்தக் கருவியை ஓட்டவே கூடாது.

ஹைட்ராலிக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேஸ் 446 மாதிரி, சக்கரமே எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் வண்டி உங்களிடம் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். ஹோஸை இணைத்தால் வேலை முடிந்தது. சிக்கினால், அழுத்தம் மிஞ்சாமல் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும். அந்த வசதி இல்லாத வண்டியில் புதிதாக பம்ப், தொட்டி, மோட்டார் எல்லாம் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பம்பிலும் மோட்டாரிலும் சேர்த்து கால் பங்கு பலம் சூடாகவே போகும். 10 குதிரைத்திறனில் அது கிட்டத்தட்ட 2 கிலோவாட், அதாவது ஒரு ஹீட்டரை எண்ணெய்த் தொட்டிக்குள் வைத்த மாதிரி. சின்னத் தொட்டி தாங்காது. விறகு பிளக்கும் சிலிண்டருக்கு மட்டும் என்றால் சரி, அது விட்டுவிட்டு ஓடும் வேலை.

ஆக, 8 முதல் 12 குதிரைத்திறன் வண்டிக்கு, ரொட்டவேட்டர்தான் முக்கிய வேலை என்றால், பெல்ட். கம்பெனியே பின் ஷாஃப்ட் வைத்துக் கொடுத்த கனமான வண்டிக்கு ஷாஃப்ட். பழைய ஷாஃப்ட் வாங்கினால் மேலுறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 540-ல் அது வினாடிக்கு 9 முறை சுற்றும். 35 மில்லிமீட்டர் தடிமன் என்றாலும் வினாடிக்கு ஒரு மீட்டர் துணியை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். உறை இல்லாமல் வந்த ஷாஃப்டை, உறை கிடைக்கும்வரை நான் வண்டியில் மாட்டுவதில்லை.