மக்களைத் தேடி மருத்துவம்: மூணு வருஷமா அம்மாவுக்கு வீட்டுக்கே மாத்திரை வருது, எங்க அனுபவம்

எங்க அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் ரெண்டும் இருக்கு. முன்னாடி மாசம் ஒரு தடவை ஜிஹெச் போகணும், காலைல முதல் பஸ் பிடிச்சு போயி லைன்ல நின்னு மாத்திரை வாங்கி வீட்டுக்கு வர்றதுக்குள்ள மதியம் ரெண்டு மணி ஆயிடும், அன்னைக்கு நூறு நாள் வேலை கூலியும் போச்சு. அதனால என்ன பண்ணுவாங்கன்னா, உடம்பு நல்லா இருக்குற மாதிரி தெரிஞ்சா அந்த மாசம் போகவே மாட்டாங்க. "எனக்கு ஒண்ணும் பண்ணலயே"ன்னு சொல்லுவாங்க. பிரஷர் ஏறினா தலைசுத்தல் வந்தாதான் தெரியும்னு நெனப்பு, நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியாமதான் ஏறும், அதான் இதுல பயமே.

சுகர், பிரஷர் இருக்குறவங்களுக்கு வீட்டுக்கே வந்து மாத்திரை குடுக்குற தமிழ்நாடு அரசோட இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்சது. எங்க தெருவுக்கு வர்ற அக்கா பக்கத்து ஊர்தான், மகளிர் குழுவுல இருந்து வந்தவங்க. பையில பிபி மெஷின், சுகர் பாக்குற மெஷின் ரெண்டும் இருக்கும். திண்ணையில உக்காந்து பிபி பாத்து நோட்டுல எழுதிட்டு, போன தடவை குடுத்த அட்டைய எடுத்துட்டு வாங்கன்னு கேப்பாங்க. அதுல மாத்திரை மிச்சம் இருந்தா மாட்டிக்கிட்டாங்க அம்மா! ஏன் போடலன்னு ஒவ்வொண்ணா விசாரிப்பாங்க. என்கிட்ட பொய் சொல்ற அம்மா அவங்ககிட்ட சொல்றதில்ல. என்னைக் கேட்டா மாத்திரை ஃப்ரீங்கறத விட இந்தக் கேள்விதான் பெரிய விஷயம். இப்ப அம்மா மாத்திரைய விடுறதே இல்ல.

எதிர்வீட்டு தாத்தாவுக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் வரல, அவருக்கு பிசியோதெரபி பண்றவங்க வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. அவரை ஆட்டோல ஏத்தி இறக்குறதுக்கே மூணு பேர் வேணும், அந்த வீட்டுக்கு இது எவ்ளோ பெரிய உதவின்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

குறையும் இருக்கு. ஒரு மாசம் மாத்திரை பத்து நாள் லேட், வெளிய மெடிக்கல்ல காசு குடுத்து வாங்கினோம். இன்னொரு தடவை அட்டை கலர் மாறி வந்துச்சு, அம்மா வேற மாத்திரைன்னு பயந்து ரெண்டு நாள் போடவே இல்ல, குடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். கிட்னி டெஸ்ட், கண் செக்கப்புக்கு எப்படியும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், மாத்திரைதான் வீட்டுக்கு வருதேன்னு அத விட்டுடாதீங்க.

வெயில்ல வீடு வீடா நடக்குற அந்த அக்காவுக்கு வர்றது ஊக்கத்தொகைதான், சம்பளம் இல்ல. 2024ல ஐ.நா. விருது கிடைச்ச திட்டம் இது, அந்த விருதுக்கு நடந்தது இவங்க கால்தான், இவங்கள நிரந்தரம் பண்ணணும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். உங்க வீட்ல யாராவது சுகர் பிரஷருக்கு மாத்திரை போட்டா ஆதாரும் பழைய சீட்டும் எடுத்துட்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, பதிஞ்சு வச்சுக்குவாங்க.