பழைய பிரேக் டிஸ்க்கைக் கடைந்து ‘புதுசு’ என்று மாட்டுகிறார்கள்: வேலூர்ப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

வேலூரில் ஒரு காருக்கு முன்பக்க பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டு; இரு பக்கமும் பேட் என்ற கட்டைகள் இதை அழுத்தித்தான் வண்டி நிற்கிறது) இரண்டையும் புதிதாக மாற்றியதாக பில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் மாட்டியது அதே வண்டியின் பழைய டிஸ்க். லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் தேய்ந்த முகத்தைச் சீவி, நடுவே கிண்ணம் போல் எழும்பியிருக்கும் பகுதிக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, புது டிஸ்க்குக்கான காசை வாங்கியிருக்கிறார்கள். பெங்களூர் ரோட்டில் 80 வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று விட்ட வண்டி அது. கடைந்த கையோடு நடுக்கம் நின்றது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒருமுறை இறங்கியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பியது.

வேறு இடத்தில் கழற்றி மைக்ரோமீட்டர் (தடிமனை நுட்பமாக அளக்கும் கருவி) வைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. டிஸ்க்கில் பொறித்திருந்த ‘மின் டிஹெச்’ (MIN TH), அதாவது இதற்குக் கீழே போகக்கூடாது என்ற தடிமன், 16 மில்லிமீட்டர். இடதுபக்கம் 15.6, வலதுபக்கம் 15.8 இருந்தது. பெயின்ட் பூசி அந்தப் பொறிப்பை மூடியிருந்தார்கள். தெரியாமல் நடந்த தவறு என்று இதைச் சொல்ல முடியாது.

தடிமன் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பிரேக் பிடிக்கும்போது பிறக்கும் சூட்டை முதலில் வாங்கிக்கொள்வது டிஸ்க்கின் வார்ப்பிரும்புதான். இரும்பு குறைந்தால் அதே இறக்கத்தில் சூடு அதிகம் ஏறும், பேட் பிடிப்பை இழக்கும், டிஸ்க்கில் விரிசல் விழும். ஓரத்தில் காற்றுத் துளை உள்ள டிஸ்க்கில், துளைகளுக்கு இருபுறமும் இரண்டு தகடுகள் இருக்கும். சாதாரண லேத்தில் நடுவம் சரியாகப் பிடிக்காமல் கடைந்தால் ஒரு தகடு மெலிந்து மற்றது தடித்து நிற்கும். சூடேறியதும் அது கோணிக்கொள்ளும். மலையில் நடந்தது இதுதான்.

கழற்றாமலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். டார்ச் அடித்து டிஸ்க்கின் ஓரத்திலுள்ள காற்றுத் துளைகளுக்குள் பாருங்கள். புதியது உள்ளே சுத்தமான சாம்பல் நிறமாகவோ, பூச்சு பூசியதாகவோ இருக்கும். பழையதில் செந்துருவும் பேட் தூளும் அப்பியிருக்கும். அதை யாராலும் முழுதாகச் சுரண்ட முடியாது. வீல் கழன்றிருந்தால் போல்ட் துளைகளின் விளிம்பையும் பாருங்கள். பெயின்டுக்கு அடியில் துருக்குழிகள் தெரியும்.

அளக்க மைக்ரோமீட்டரே வேண்டும். வெர்னியர் (இரு தாடைகளால் பிடித்து அளக்கும் அளவுகோல்) வைத்தால் அதன் தாடை தேயாத ஓர விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, இருப்பதைவிடத் தடிமனாகக் காட்டும். விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். இடத்துக்கு இடம் வித்தியாசம் 0.02 மில்லிமீட்டரைத் தாண்டினாலே பெடலில் நடுக்கம் வர வாய்ப்புண்டு.

“டிஸ்க் வளைஞ்சிருக்கு சார்” என்றதும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பல வண்டிகளில் டிஸ்க் வளைந்திருக்காது. டிஸ்க்கைத் தாங்கும் நடுப்பாகமான ஹப்பின் முகத்தில் துரு படிந்திருக்கும், அதன் மேல் உட்கார்ந்த டிஸ்க் லேசாகச் சாய்ந்து சுற்றும், பேட் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தை உரசி அங்கே மட்டும் தேய்க்கும். டயல் கேஜ் (முள் வைத்த அளவி) வைத்து டிஸ்க்கைச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆட்டம் பொதுவாக 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஹப்பைக் கம்பி பிரஷால் தேய்க்காமல் புது டிஸ்க் மாட்டினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதற்கும் இதே கதிதான்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும், வேரியன்டுக்கு வேரியன்ட் டிஸ்க் மாறும். சேஸிஸ் நம்பர் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுங்கள். விட்டம், தடிமன், கிண்ணத்தின் உயரம், நடுத்துளை நான்கும் பழையதோடு பொருந்த வேண்டும். நடுத்துளை பெரிதாக இருந்தால் டிஸ்க் மையத்தில் உட்காராது. கார் கம்பெனியின் ஒரிஜினல் பார்ட் எடுக்கலாம். பாஷ், பிரெம்போ, டிவிஎஸ் கர்லிங் போன்ற பெயருள்ளவையும் போதும். (டிவிஎஸ் கர்லிங் பெயரில் விற்கும் பிரேக்ஸ் இந்தியா கம்பெனியின் வார்ப்பு ஆலை நம் பழைய வட ஆற்காட்டில், சோளிங்கரிலேயே இருக்கிறது. பேர் தெரியாத பெட்டியை நம்ப வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.) பேட் உரசும் முகத்தில் அழகுக்காக ஓட்டை போட்ட மலிவு டிஸ்க் வேண்டவே வேண்டாம், ஓட்டையிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

டிஸ்க்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், பேடும் புதிதாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காமலிருக்கப் பூசியுள்ள எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டினால் பேட் எண்ணெய் குடித்து வீணாகும். பேடை அழுத்தும் காலிப்பர் நகரும் பின்னுக்கு (ஊசிக்கு) சிலிக்கான் கிரீஸ்தான்; சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும். வீல் நட்டை ஏர் கன்னால் முறுக்கி முடிக்க விடாதீர்கள். குறுக்கும் நெடுக்குமாக, டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்), மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். சிறிய கார்களில் அது பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். பிறகு காலியான ரோட்டில் 60-லிருந்து 10 வரை நிதானமாகப் பத்துப் பதினைந்து தடவை வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்டுங்கள். சூடான நிலையில் பெடலை மிதித்தபடி நிற்கக்கூடாது. பேடின் அச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கடை கொடுத்த பில்லில் ‘டிஸ்க் 2’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பழையது எங்கே என்று கேட்டதற்கு ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார்களாம். வேலை கொடுக்கும்போதே, பழைய டிஸ்க்கும் புது டிஸ்க்கின் பெட்டியும் டிக்கியில் இருக்க வேண்டும், பார்ட் நம்பரும் ஜிஎஸ்டியும் பில்லில் வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மறுக்கும் இடத்தில் வண்டியை விட வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், முதலில் அந்த டிஸ்க்கை மாற்றுங்கள். கழற்றியதைத் தூக்கிப் போடாமல், மைக்ரோமீட்டர் அளவும் ‘மின் டிஹெச்’ பொறிப்பும் தெரியும்படி படம் எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.