மிஸ்ஸிங் கண்டுபிடிக்க இஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டர்: பிக்கப் டிரக்கில் எதுவரை கைகொடுக்கும்?

பிளக் மாற்றியாயிற்று, அதற்கு வோல்டேஜ் தரும் காயிலும் மாற்றியாயிற்று. இருந்தும் மேடு ஏறும்போது என்ஜின் மிஸ் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் தடுமாறுகிறது. இந்த நிலையில் உள்ள பெட்ரோல் பிக்கப்புக்கு இன்னொரு உதிரிபாகம் வாங்குவதற்கு முன் வாங்க வேண்டிய பொருள் இந்தச் சின்ன அடாப்டர்தான். டேஷ்போர்டுக்கு அடியில், வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் வேலை தொடங்கிவிடும். ஆனால் பலர் கோடு எண்ணை (கோளாறுக்குக் கம்ப்யூட்டர் பதியும் குறியீடு) படித்ததும் அழித்துவிடுகிறார்கள். கருவியின் உண்மையான பயன் அங்கேயே போய்விடுகிறது.

பி0301 முதல் பி0308 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று கம்ப்யூட்டரால் சொல்ல முடியவில்லை. எது வந்தாலும் ‘கிளியர்’ பட்டனைத் தொடாதீர்கள். அதை அழுத்தினால் ஃப்ரீஸ் ஃப்ரேம், மிஸ்ஃபயர் எண்ணிக்கை, ரெடினெஸ் (கம்ப்யூட்டரின் சுய சோதனைகள் முடிந்தனவா என்ற பதிவு) எல்லாம் சேர்ந்தே அழியும். பல வண்டிகளில் ஃபியூயல் டிரிம்மும் (பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம்) பூஜ்யத்துக்குத் திரும்பும். முதலில் எல்லாப் பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கோடு விழுந்த நொடியில் என்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் ஃப்ரீஸ் ஃப்ரேம். 1800 ஆர்பிஎம், லோடு (என்ஜின் மேல் விழும் சுமை) 85 சதவீதம், கூலன்ட் 90 டிகிரி என்று இருந்தால் சந்தேகம் முதலில் இக்னிஷன் பக்கம் போக வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தாலோ காயில் பூட் (பிளக்கை மூடும் ரப்பர் உறை) வெடித்திருந்தாலோ அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். மாறாக 700 ஆர்பிஎம், லோடு 20, கூலன்ட் 40 என்று குளிர்ந்த ஐடிலிங்கில் விழுந்திருந்தால், இன்டேக்கில் காற்று இழுப்பது, ஒழுகும் இஞ்செக்டர், குறைந்த கம்ப்ரஷன் ஆகியவை முன்னால் வரும்.

இந்த அடாப்டரின் மிகச் சிறந்த அம்சம் மோட் 6, அதாவது கம்ப்யூட்டர் தானே செய்த சோதனைகளின் முடிவுகளைக் காட்டும் பக்கம். ஆப்பில் உள்ளே எங்கோ ஒளிந்திருக்கும், பார்க்கவும் முரட்டுத்தனமாக இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள். கேன் வயரிங் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் புதிய முறை) உள்ள வண்டிகளில் ஏ2 என்பது 1-ஆம் சிலிண்டர், ஏ3 என்பது 2-ஆவது, இப்படியே ஏ9 வரை போனால் 8-ஆவது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிகள் வரும்: 0பி என்பது கடைசி 10 ஓட்டங்களின் சராசரி, 0சி என்பது நடப்பு அல்லது முந்தைய ஓட்டத்தின் எண்ணிக்கை. கோடு வெறும் பி0300 ஆக இருக்கும். ஆனால் ஏ4-இன் 0சி வரியில் மட்டும் நூற்றுக்கணக்கில், மற்றவற்றில் 0, 2, 1 என்று இருந்தால், ஆள் அகப்பட்டுவிட்டது: 3-ஆம் சிலிண்டர். செக் என்ஜின் விளக்கு எரியாத நேரத்திலும் இந்த எண்கள் ஏறும் என்பதால், விட்டுவிட்டு வரும் மிஸ்ஸிங்குக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடுத்தது ஃபியூயல் டிரிம். ஐடிலிங்கில் ஷார்ட் டெர்மும் (உடனடித் திருத்தம்) லாங் டெர்மும் (நாள்பட்ட திருத்தம்) சேர்ந்து +15, +20 சதவீதம் என்று நின்று, 2500 ஆர்பிஎம்மில் பிடிக்கும்போது +5-க்குள் இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது. தலைகீழாக, லோடு கூடக் கூட டிரிம் ஏறினால் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் பாருங்கள். இங்கே ஏமாற ஒரு வழி உண்டு. எரியாத சிலிண்டர் தன் ஆக்ஸிஜனை அப்படியே எக்ஸாஸ்ட்டில் தள்ளும். சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று நினைக்கும். ஆக, வி வடிவ என்ஜினில் ஒரு பக்க டிரிம் மட்டும் ஏறியிருந்தால் அது மிஸ்ஸிங்கின் காரணமாக இல்லாமல் விளைவாகவும் இருக்கலாம். 1-ஆம் சிலிண்டர் இருக்கும் பக்கமே பேங்க் 1. இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது, ஃபோர்டு வி8-இல் வலப்பக்கம் 1 முதல் 4 வரை, இடப்பக்கம் 5 முதல் 8 வரை. ஜிஎம் வி8-இல் ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். இதைச் சரிபார்க்காமல் தப்பான சிலிண்டரில் புதுக் காயில் போடுவது அடிக்கடி நடக்கிறது.

சிலிண்டர் தெரிந்த பிறகு கை வேலை. என்ஜின் ஆறியதும் 3-ஆம் சிலிண்டரின் காயிலைப் பூட்டோடு 5-க்கு மாற்றுங்கள், பிளக்கை 2-க்கு மாற்றுங்கள், இஞ்செக்டரைத் தொடாதீர்கள். இப்போது கோடுகளை அழித்து, ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்த அதே லோடில் ஓட்டுங்கள். மிஸ்ஸிங் 5-க்குப் போனால் காயில் அல்லது பூட், 2-க்குப் போனால் பிளக். 3-லேயே நின்றால் இஞ்செக்டர், வயரிங், அல்லது கம்ப்ரஷன். கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கீறியது மாதிரி மெல்லிய கருங்கோடு இருந்தால் கரண்ட் அந்த வழியாகத் தப்பிப் போயிருக்கிறது. பூட்டின் உள்பக்கத்திலும் அதற்கு நேராக ஒரு கோடு இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய பூட் புதுப் பிளக்கையும் கெடுத்துவிடும். புதுப் பிளக் போட்டும் தீராத பல மிஸ்ஸிங்குகளுக்கு இதுதான் காரணம். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கட்டையும் மாற்றியாக வேண்டும்.

இதற்கு மேல் அடாப்டரால் முடியாது. எந்தச் சிலிண்டர், எந்த லோடில் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. மிஸ்ஸிங் இடம் மாறவில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ் எடுங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு சுற்றுகள் கிராங்க் செய்யுங்கள். மிகக் குறைந்தது மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கோளாறு உள்ளே. ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்து, அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட். பெட்ரோலைச் சேமிக்கச் சில சிலிண்டர்களை அணைத்து ஓடும் ஜிஎம் 5.3 லிட்டர் (எட்டையும் அணைக்கக்கூடிய புதிய வகை நீங்கலாக), 5.7 ஹெமி என்ஜின்களில் 1, 4, 6, 7 ஆகியவைதான் அணையும் சிலிண்டர்கள். அவற்றில் ஒன்றில் மிஸ்ஸிங்கோடு ‘டிக் டிக்’ சத்தமும் சேர்ந்தால் லிஃப்டரைச் (வால்வைத் தூக்க உதவும் பாகம்) சந்தேகியுங்கள், மேற்கொண்டு காயிலுக்குச் செலவு செய்யாதீர்கள்.

ஜிஎம் வண்டிகளில் கிராங்க் சென்சார் (கிராங்க்ஷாஃப்ட் சுழல்வதைக் கவனிக்கும் சென்சார்) மாற்றிய பின் அதன் அளவுகளைக் கம்ப்யூட்டருக்குத் திரும்பக் கற்றுத்தர வேண்டும். செய்யாவிட்டால் நல்ல என்ஜினிலும் பொய்யாக பி0300 வரலாம். சாதாரண ஆப்பில் இந்த வசதி இருக்காது. அதற்கான ஸ்கேனர் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு நிலைமை பரவாயில்லை, ஃபோர்ஸ்கேன் மென்பொருளோடு சேர்த்தால் இதே அடாப்டர் நிறையவே காட்டும்.

வாங்கும்போது: ‘பதிப்பு 1.5’ என்று எழுதியிருந்தால் அது நகல் சிப். மூல நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிடவே இல்லை. கேன் வண்டிகளில் கோடு படிக்க அது போதும். கேனுக்கு முந்தைய பழைய ஃபோர்டு, ஜிஎம் டிரக்குகளில் பல நகல்கள் இணையவே மாட்டா. ஐபோன் என்றால் பழைய ப்ளூடூத் மாடல் வேண்டாம், குறைந்த மின்சக்தி ப்ளூடூத்தோ வைஃபையோ உள்ளதாகப் பாருங்கள். லைவ் டேட்டாவில் ஒரே நேரத்தில் நான்கைந்து அளவுகளுக்கு மேல் தேர்ந்தெடுத்தால் எண்கள் தாமதமாக வரும், ஒரு நொடி மிஸ்ஸிங் கண்ணிலேயே படாது. சாக்கெட்டின் 16-ஆவது பின்னில் பேட்டரி கரண்ட் எப்போதும் இருக்கும், ஆகவே வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். ஓட்டும்போது செக் என்ஜின் விளக்கு மினுக்கினால் சோதனையை நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிக்கொண்டிருக்கும்.