ரெடிமேட் போர்ட்ஃபோலியோ: காரைக்குடிப் பக்கம் பி.ஆர்க் சேரப் போகும் பிள்ளைகளின் வீட்டாருக்கு

வீட்டில் பி.ஆர்க், அதாவது கட்டடக்கலைப் பட்டப்படிப்பு, படிக்க ஆசைப்படும் பிள்ளை இருந்தால், ‘நேட்டா கோச்சிங், போர்ட்ஃபோலியோ, அட்மிஷன், எல்லாம் ஒரே இடத்தில்’ என்று ஃபிளெக்ஸ் கட்டியிருக்கும் இடத்தில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நேட்டா என்பது அந்தப் படிப்புக்கான நுழைவுத்தேர்வு, போர்ட்ஃபோலியோ என்பது பிள்ளை செய்த வேலைகளைத் தொகுத்த ஃபைல். காரைக்குடியில் அப்படி ஓர் இடத்தில் எங்கள் வீட்டுப் பணம் 68,000 ரூபாய் போனது. புகார் நடந்துகொண்டிருப்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. பெயர் முக்கியமும் இல்லை. ஒரு பலகையைக் கழற்றினால் அடுத்த பலகை மாட்டும் வகை அது.

அப்பா ஆத்தங்குடியில் கல் பட்டறையில் வேலை பார்க்கிறார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமென்ட் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுக் காயவைக்கும் அந்தப் பூப்போட்ட தரைக்கல்தான். சூளையில் சுடுவது கிடையாது. தம்பி சின்ன வயதிலிருந்து பட்டறையில் உட்கார்ந்து அச்சு டிசைன்களைப் பார்த்து வரைந்துகொண்டிருப்பான். அப்புறம் கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று சைக்கிளில் போய் வீடுகளை வரைய ஆரம்பித்தான். தேக்குத் தூண், கதவு நிலை, மதில்மேல் சுதைப் பொம்மை, தகரக் கூரையின் ஓரம் என்று ஒரு தடிமனான நோட்டு முழுக்க நிறைந்திருந்தது. அந்த நோட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிளஸ் டூ படிக்கும்போதே அந்த சென்டரில் சேர்த்தார்கள். நான் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும்தான் போய்ப் பேசினார்கள். சென்டர்காரர் அப்பாவிடம் சொன்னது இது: “அண்ணே, இப்பல்லாம் மார்க்கை யாரும் பாக்குறதில்ல. போர்ட்ஃபோலியோ இல்லாம நேட்டா எழுதினாலும் கவுன்சிலிங்ல சீட்டு கிடைக்காது. தம்பிக்கு நாங்களே பண்ணிக் குடுத்துருவோம், நீங்க கவலைய விடுங்க.”

இதில் முதல் வாக்கியத்திலிருந்தே பொய். தமிழ்நாட்டில் பி.ஆர்க் கலந்தாய்வுக்கான தரவரிசை பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்கும், நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை 200க்கும் மாற்றி, மொத்தம் 400க்குப் போடப்படுகிறது. போர்ட்ஃபோலியோ என்ற பேச்சே அதில் கிடையாது. நுழைவுத்தேர்வு என்றால் கட்டடக்கலை மன்றம், அதாவது கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர், நடத்தும் நேட்டா. அல்லது ஜேஇஇ மெயினின் இரண்டாம் தாள். திருச்சி என்ஐடி, டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்பிஏ (மத்திய அரசின் கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்கள்) போன்ற இடங்களுக்கு அந்த ஜேஇஇ தாள்தான் வழி. அங்கேயும் யாரும் ஃபைல் கேட்பதில்லை. தம்பி எழுதிய 2025 நேட்டாவில் கையால் செய்யும் பகுதிக்கு 80 மதிப்பெண்: வண்ணத்தில் ஒரு கேள்வி, கறுப்பு வெள்ளையில் ஒரு ஸ்கெட்ச், கொடுக்கும் பொருட்களை வைத்து ஒரு முப்பரிமாண அமைப்பு. மீதி 120 கணினியில். மூன்று மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதற்குத்தான் மதிப்பெண். வீட்டிலிருந்து எதையும் கொண்டுபோய்க் காட்ட முடியாது.

போர்ட்ஃபோலியோ கேட்கிறவர்கள் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. சில தனியார் பல்கலைக்கழகங்கள் நேர்காணலோடு சேர்த்துக் கேட்கின்றன. இங்கிலாந்தில் பல இடங்களில் அது இல்லாமல் நடக்காது. சென்டர்காரருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எங்கேயோ கேட்பதை எல்லா இடத்திலும் கேட்பதாகச் சொன்னால் பேக்கேஜ் விற்கும், அவ்வளவுதான்.

வகுப்பு எப்படி நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரைய வைத்தது குறைவு. பழைய கேள்வித்தாள் ஜெராக்ஸ், நடுவில் யூடியூப் வீடியோ. வாத்தியார் என்று அறிமுகப்படுத்தப்பட்டவர் பாதியில் காணாமல் போனார்.

இரண்டாம் தவணை கட்டியதும் போர்ட்ஃபோலியோ பிடிஎஃப் ஆக வந்தது. பளபளவென்று இருந்தது. முதல் பக்கத்தில் தம்பியின் பெயர், அடுத்த பக்கங்களில் நீச்சல் குளம் வைத்த வில்லா, கண்ணாடிக் கோபுரம், ஒரு விமான நிலையம். பதினேழு வயதுப் பையன் விமான நிலையம் டிசைன் செய்திருக்கிறானாம். நடுவில் ‘செட்டிநாட்டு வீடு, என் கனவு’ என்று ஒரு பிளான். அதில் ஒரு கோடு கூடத் தம்பி போட்டதில்லை. அவன் நோட்டிலிருந்து எதையாவது சேர்க்கலாமே என்று கேட்டதற்கு, “பென்சில் டிராயிங்லாம் ஸ்கூல் பிள்ளை வேலை தம்பி, ப்ரொஃபஷனலா இருக்கணும்” என்று பதில். நோட்டை மட்டும் ‘ஸ்கேன் செய்ய’ என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த பிடிஎஃப்பை வைத்து வெளிமாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு அவர்களே விண்ணப்பித்தார்கள். விண்ணப்பக் கட்டணம் தனி. நேர்காணல் வீடியோ காலில். நான் லீவு போட்டு வந்து பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டேன். பேராசிரியர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். விமான நிலையத்தைத் தாண்டிப் போய் நேராக அந்தச் செட்டிநாட்டு வீட்டுப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இந்த வளவில், அதாவது வீட்டுக்குள் இருக்கும் திறந்த முற்றத்தில், மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? வடக்கு எந்தப் பக்கம்? முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியுமா?

கானாடுகாத்தான் தெருவில் விளையாடும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதற்குப் பதில் வரும். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று கதவுகள் ஒரே நேர்கோட்டில் போய் அடுத்த தெருவின் வெளிச்சம் தெரியும். நாலு பக்கத்து ஓட்டுக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்து தண்ணீரை உள்ளே இறக்கும். அண்டாக்களில் பிடித்தது போக மீதி வடிகால் வழியாக ஊருணியைப் பார்த்துப் போகும். மழை குறைந்த ஊரில் வீடு கட்டியவர்கள் போட்ட கணக்கு அது. தம்பிக்கு இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் திரையில் இருந்த பிளானில் பின்வாசலே இல்லை. முற்றத்துக்கு வடிகால் இல்லை. வளவு என்று பெயர் போட்ட இடத்தில் சோஃபா. “இதை நீ எந்த மென்பொருளில் செய்தாய்?” என்று கேட்டபோது அவனிடம் பதில் இல்லை. அவர்கள் ஒன்றும் கடிந்து பேசவில்லை. கையால் வரைந்தது ஏதாவது இருந்தால் காட்டு என்றார்கள். அதுதான் சென்டரில் இருந்ததே! சில நாளில் வருத்தம் தெரிவித்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

அன்று இரவே அந்தப் படங்களை ஒவ்வொன்றாக கூகுளில் படத்தை வைத்துத் தேடினேன். வில்லா ஒரு ஸ்டாக் படத் தளத்தில் இருந்தது. விமான நிலையம் வேறொரு நாட்டு மாணவரின் பட்டப்படிப்பு வேலை. செட்டிநாட்டு வீடு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, செட்டிநாட்டிலிருந்து இல்லை என்பது மட்டும் நிச்சயம். பின்னால் தேவகோட்டையில் ஒரு பெண்ணின் வீட்டாரோடு பேசினோம். அவளுக்கும் அதே ஃபைல். முதல் பக்கத்துப் பெயரும் பின்னணி நிறமும் மட்டும் வேறு. அவளும் அதே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். பணம் போனதை விட எனக்கு இதுதான் அதிர்ச்சி. திருட்டு வேலையைச் சமர்ப்பித்ததாகப் பார்த்தால் பழி விண்ணப்பித்த பிள்ளை மேல்தான் விழும். சென்டரின் பெயர் எங்கேயும் வராது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். முதலில் “சீட்டு கிடைக்கலைன்னா அதுக்கு நாங்க என்ன சிஸ்டர் பண்றது” என்றார். நான் சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, அடுத்தவன் வரைந்ததைக் கொடுத்துக் காசு வாங்கியதைப் பற்றிக் கேட்கிறேன் என்றதும் பேச்சு மாறியது. வேறொரு யோசனை வைத்திருந்தார். நேட்டாவே இல்லாமல் டைரக்ட் அட்மிஷன், அவருக்குத் தெரிந்த கல்லூரி, ‘ஆர்க்கிடெக்சர் மாதிரியே’ ஒரு மூன்று வருடப் படிப்பு, கட்டிய பணத்தை அதில் கழித்துக்கொள்வாராம்.

இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், இதில் போவது பணம் மட்டும் இல்லை. இந்தியாவில் ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கு கவுன்சில் அங்கீகரித்த படிப்பு வேண்டும். பி.ஆர்க் ஐந்து வருடம். இன்டீரியர் டிசைனோ, கட்டடத் தொழில்நுட்பமோ நல்ல படிப்புகளாகவே இருக்கலாம், ஆனால் அவற்றை முடித்துவிட்டு ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்ய முடியாது. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் கவுன்சிலின் இணையதளத்திலேயே இருக்கிறது, எத்தனை இடம் என்பது உட்பட. யார் எந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னாலும் அங்கே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மறுத்ததும் இன்னொரு கதவு மூடியது. தம்பியின் பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை ‘வெரிஃபிகேஷனுக்கு’ என்று வாங்கி வைத்திருந்தார்கள். பாக்கி 7,000 கட்டினால்தான் தருவோம் என்றார்கள். எந்தப் பாக்கி என்று ரசீதைக் காட்டச் சொன்னால், எங்களுக்கு அவர்கள் கொடுத்திருந்ததே ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து. ஜிஎஸ்டி எண் இல்லை, முத்திரை இல்லை. நல்லவேளை அப்பா ஒரு தவணையை ஜிபேயில் அனுப்பியிருந்தார். இன்னொன்று பணமாகக் கொடுத்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம் என்று எழுத்தில் வாட்ஸ்அப் அனுப்பிய பிறகு மார்க்‌ஷீட் வந்தது. சான்றிதழ் ஒரிஜினலைக் கேட்கும் உரிமை எந்த கோச்சிங் சென்டருக்கும் இல்லை. நகல் கொடுங்கள், அதிலும் எதற்காகக் கொடுக்கிறோம் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

நோட்டு வரவில்லை. தொலைந்துவிட்டதாம். ஆனால் அதிலிருந்த ஒரு மயில் டிசைன், தம்பி அப்பாவின் பட்டறை அச்சைப் பார்த்து வரைந்தது, சென்டரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ‘எங்கள் மாணவர்களின் படைப்பு’ என்று ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கூல் பிள்ளை வேலை என்று சொன்ன அதே பென்சில் டிராயிங்!

அந்த பென்சில் டிராயிங்தான் நிஜமான போர்ட்ஃபோலியோ என்பது எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. சென்னையில் ஆர்க்கிடெக்டாக இருக்கும் ஒரு அக்கா, எங்கள் ஊர்க்காரர், பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். கேட்கிற இடங்கள் பெரும்பாலும் கட்டட பிளானை எதிர்பார்ப்பதே இல்லை. பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் தொழில்நுட்ப வரைபடம் வேண்டாம் என்றே சொல்கின்றன, ஏனென்றால் அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை எதைப் பார்க்கிறான், பார்த்ததை எப்படி யோசிக்கிறான், கை எப்படிப் போகிறது என்பதைத்தான் தேடுகிறார்கள். நேரில் பார்த்து வரைந்த ஸ்கெட்ச், களிமண்ணோ அட்டையோ வைத்துச் செய்த மாடலின் போட்டோ, தையல், மரவேலை, கோலம், எதுவும் போகலாம். அழித்துத் திருத்திய பக்கங்களையும் மறைக்காமல் வைக்கலாம். ஒரே பொருளை மூன்று விதமாக முயன்று பார்த்தது, முடிந்துபோன அழகான ஒரு படத்தை விட அதிகம் பேசும். ஒவ்வொரு இடமும் எத்தனை பக்கம், எத்தனை எம்பி என்று தனித்தனியாகச் சொல்லும், அதைப் படித்துவிட்டு அதன்படி அனுப்ப வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே ஃபைல் என்று யாராவது விற்றால் அந்த நிபந்தனைகளை அவர் திறந்தே பார்த்ததில்லை என்று அர்த்தம்.

செட்டிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு இதற்கெல்லாம் 68,000 ரூபாய் தேவையே இல்லை என்று அக்கா சிரித்தார். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இலிருந்து இருக்கிற ஊர்கள் நம்முடையவை. உலகத்தில் எங்கெங்கிருந்தோ வந்து அளந்துவிட்டுப் போகிறார்கள். நாம் ஒரு சுண்ணாம்புச் சுவர் எப்படிக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறது என்று பூச்சுக்காரரிடம் கேட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் என்ன வேலை செய்கின்றன என்று எழுதி வைத்தாலே இரண்டு பக்கம் ஆயிற்று. அதை எந்தப் பேராசிரியர் குடைந்து கேட்டாலும் பிள்ளை பதில் சொல்வான்.

தம்பி நேட்டாவை மட்டும் நம்பி எழுதினான், கலந்தாய்வில் இடம் கிடைத்துப் படித்துக்கொண்டிருக்கிறான். சென்டர் மேல் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்தோம். அதன் பிறகு 20,000 ரூபாய் திரும்பி வந்தது, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கவில்லை. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்கான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமும் இல்லை.

இதே மாதிரி ஃபைல் வாங்கியவர்கள் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் இன்னும் இருப்பார்கள். விமான நிலையம் உள்ள பிடிஎஃப் உங்களிடமும் இருந்தால் அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அந்தத் துண்டுச் சீட்டு மூன்றையும் எடுத்து வையுங்கள். எனக்குத் தனிச்செய்தி அனுப்பினால் நாங்கள் போட்ட மனுவின் நகலைத் தருகிறேன், பெயரையும் தொகையையும் மாற்றி நீங்களே போட்டுக்கொள்ளலாம். மயில் டிசைன் உள்ள பச்சை அட்டை நோட்டை யாராவது அங்கே பார்த்திருந்தாலும் சொல்லுங்கள்.