லேசர் ஸ்கேன் வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர்: 2021-ல் கட்டியதும், இன்று கட்டினால் மாற்றுவதும்

லேசர் ஸ்கேன் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகள் பலரும் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?" என்பதுதான். கடைக்காரரும் அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். விலை அதிகமான கம்ப்யூட்டர் என்றாலே கேமிங், இல்லாவிட்டால் வீடியோ எடிட்டிங் என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. பாயிண்ட் கிளவுட், அதாவது லேசர் ஸ்கேனர் ஓர் இடத்தை அளந்து தரும் கோடிக்கணக்கான முப்பரிமாணப் புள்ளிகள், வேறு மாதிரி வேலை. இதில் கம்ப்யூட்டர் பெரும்பாலான நேரம் கோப்பைப் படிக்கிறது, பிரிக்கிறது, ஒரு ஸ்கேனை இன்னொன்றோடு பொருத்துகிறது, மறுபடியும் எழுதுகிறது. திரையில் சுழற்றிக் காட்டுவது அதில் சிறு பங்குதான். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கம்ப்யூட்டரில் இந்த வேலையைச் செய்துவருகிறேன். போட்ட பணத்தில் எது பலன் தந்தது, எது சும்மா கிடக்கிறது என்பதை அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

2021-ல் சென்னை ரிச்சி தெருவில் உதிரிகளாக வாங்கிக் கட்டியது இது. 12 கோர் உள்ள ரைசன் 9 5900எக்ஸ், எக்ஸ்570 போர்டு, முதலில் 64 ஜிபி டிடிஆர்4 ரேம், பிறகு 128 ஜிபி, 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060, இரண்டு என்விஎம்இ எஸ்எஸ்டிகள், காப்புக்கு ஹார்டு டிஸ்க்குகள். வருகிற தரவு பெரும்பாலும் ஃபாரோ போகஸ், லைகா ஆர்டிசி360 ஸ்கேனர்களிலிருந்து. பழைய கட்டடங்களின் அளவு வரைபடங்கள், தொழிற்சாலைகளின் குழாய்ப் பாதைகளை ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் மாடலாக்குவது, எப்போதாவது கல்மண்டபங்கள். மென்பொருள்கள்: ஸ்கேன்களைப் பொருத்த சீன், ரெஜிஸ்டர் 360, ரீகேப்; புள்ளிகளை ஆராய கிளவுட்கம்பேர்.

உதிரிகளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ஃபாரோ போகஸில் கால்பங்குத் தெளிவில், அதாவது 10 மீட்டர் தூரத்தில் புள்ளிக்குப் புள்ளி சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளியில் ஸ்கேன் செய்தால், ஒரு ஸ்டேஷனுக்கு (ஸ்கேனரை நிறுத்தி எடுக்கும் ஓர் இடம்) ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் புள்ளிகள். திறந்த வெளியில் வானத்தைப் பார்க்கும் பகுதி கழிந்துபோகும். கட்டடத்துக்குள் கிட்டத்தட்ட முழுதும் வரும். 40 ஸ்டேஷன் போட்டால் 176 கோடிப் புள்ளிகள். 40 ஸ்டேஷன் என்பது பெரிய வேலை ஒன்றுமில்லை. ஒரு நடுத்தர பாய்லர் ஹவுஸுக்கே அது வேண்டும். ஆர்டிசி360 நொடிக்கு 20 லட்சம் புள்ளிகள் வரை எடுக்கும். ஸ்கேனர் வேகம் கூடக்கூட களத்தில் போடும் ஸ்டேஷன்களும் கூடும். அந்தச் சுமை முழுதும் அலுவலகக் கம்ப்யூட்டரின் தலையில்தான் வந்து இறங்கும்.

இந்த 176 கோடியைக் கிளவுட்கம்பேரில் திறப்பதாக வைத்துக்கொள்வோம். அது புள்ளிகள் அனைத்தையும் ரேமுக்குள் ஏற்றிக்கொள்ளும். எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் சேர்த்து 12 பைட். நிறத்துக்கு 4. இன்டென்சிட்டிக்கு, அதாவது திரும்பிவந்த லேசர் ஒளியின் வலிமைக்கு 4. ஆக ஒரு புள்ளிக்கு 20 பைட், மொத்தம் 35 ஜிபி. 64 ஜிபி இருக்கிறதே, போதும் என்று தோன்றும். ஆனால் தூரம் கணக்கிட, இரைச்சலை நீக்க, அடர்த்தி பார்க்க எதைத் தொட்டாலும் ஆக்ட்ரீ (புள்ளிகளை இடம் வாரியாகப் பெட்டிகளாகப் பிரிக்கும் அட்டவணை) போட வேண்டும்; அதற்குப் புள்ளிக்கு இன்னும் 10 பைட்டுக்கு மேல். நார்மல், அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கணக்கிட்டால் இன்னும் 4. அதற்குள்ளேயே 60 ஜிபி வந்துவிட்டது. இடையில் ஒரு பகுதியை வெட்டித் தனியாக எடுத்தால் அந்தப் பகுதி இரண்டாம் முறையாகவும் இடம் பிடிக்கும். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் எஸ்எஸ்டியில் எழுதிப் படிக்க ஆரம்பிக்கும். ஒரு நிமிட வேலை மதியச் சாப்பாடு முடிந்து வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். பாதியில் மென்பொருள் மூடிக்கொண்டால் அதுவரை செய்ததும் போச்சு.

ரேமை 128 ஜிபியாக மாற்றியதுதான் இந்தக் கம்ப்யூட்டருக்கு நான் செய்த செலவுகளிலேயே அதிகப் பலன் தந்தது. நல்ல பிராசஸர் வாங்கியபோதுகூட அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. ஸ்கேன்களை இறக்குமதி செய்யும்போதும் இதே கதைதான். மென்பொருள் பல ஸ்கேன்களை ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோரும் ஒரு பங்கு ரேமும் வேண்டும். ரேம் குறைந்தால் 12 கோரில் பாதி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் கோர் எண்ணிக்கையையும் ரேமையும் சேர்த்தே தீர்மானியுங்கள். கோருக்குக் குறைந்தது 8 ஜிபி என்பது என் அளவுகோல்.

ஒரு நுணுக்கம் உண்டு. இந்தத் தலைமுறை ரைசனில் இரட்டை ரேங்க் (இரண்டு வரிசை சிப் கொண்ட) ரேம் ஸ்டிக் நான்கு போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 2667-தான், 3200 அல்ல. நான் அந்தக் குறைந்த வேகத்திலேயே விட்டிருக்கிறேன். ஒருநாள் இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டு, ஒரு பிழையும் இல்லை என்று பார்த்த பிறகுதான் வாடிக்கையாளர் தரவை இதில் ஏற்றினேன். புள்ளிகளின் ஆயத்தொலைவு தவறினால் சுவர் தள்ளிப்போகும்; வேகம் குறைந்தால் நேரம்தான் போகும். எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது எஸ்எஸ்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் இங்கே ரொம்பவே ஏமாற்றும்.

ஒரே தரவு நம்மிடம் நான்கு உருவில் இருக்கும். ஸ்கேனர் கொடுத்த மூலம், மென்பொருள் இறக்கிக்கொண்ட உரு, ரெஜிஸ்ட்ரேஷன் (ஸ்கேன்களை ஒன்றோடொன்று பொருத்துவது) முடிந்த உரு, வாடிக்கையாளருக்கு ஏற்றுமதி செய்த உரு. மேலே சொன்ன 176 கோடிப் புள்ளிகளை நிறத்தோடு எல்ஏஎஸ் என்ற பொதுவான பாயிண்ட் கிளவுட் கோப்பாக, புள்ளிக்கு 36 பைட் எடுக்கும் வடிவத்தில் எழுதினால் அது மட்டுமே 63 ஜிபி. ஆகவே 50, 100 ஜிபி என்று ஒரே மூச்சில் எழுதுவது இங்கே அன்றாட வேலை.

சாதா எஸ்எஸ்டிகள் முதலில் வேகமான ஒரு கேஷ் பகுதியில் எழுதும். பெட்டியில் போட்டிருப்பது அந்த வேகம். கேஷ் நிரம்பியதும் அதன் உண்மையான வேகம் வெளியே வரும். ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் மலிவான கியூஎல்சி வகையில் அது சில சமயம் ஹார்டு டிஸ்க்கை விடவும் கீழே இறங்கும். தெரிந்தவர் ஒருவர் அலுவலகத்தில் புத்தம்புதிய என்விஎம்இ ஒன்று ஏற்றுமதியின் நடுவில் நொடிக்கு நூறு எம்பிக்கும் கீழே போய் நின்றதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை. அதன் இயல்பே அதுதான். ஆகவே டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) வகையா, அதில் தனி டிரேம் நினைவகச் சிப் உண்டா, கேஷ் தீர்ந்த பிறகு எழுதும் வேகம் என்ன என்ற மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.

ஆயுளும் கணக்கில் சேர்க்க வேண்டும். நல்ல 2 டிபி டிஎல்சி எஸ்எஸ்டிக்கு 1200 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருவார்கள். அதே கொள்ளளவில் கியூஎல்சிக்கு 400 டிபி மட்டும் தந்த மாடல்களும் வந்தன. நாளுக்கு 500 ஜிபி எழுதுகிற இடத்தில் முதலாவது ஆறு ஆண்டு தாண்டும். இரண்டாவது இரண்டு ஆண்டு சொச்சம்தான்.

பிசிஐஇ 3-லிருந்து 4-க்கு, அதாவது நொடிக்கு 3,500 எம்பியிலிருந்து 7,000 எம்பிக்கு மாறினால் வேலை பாதி நேரத்தில் முடியுமா? என் வேலையில் இல்லை. ஈ57 என்ற பொதுவான ஸ்கேன் கோப்பைப் பிரித்துப் படிப்பதற்குள் பிராசஸரே திணறும், எஸ்எஸ்டி காத்துக்கொண்டிருக்கும். ஒரே வேகமான எஸ்எஸ்டிக்குப் பதில் இரண்டு நடுத்தர எஸ்எஸ்டி போட்டு, ஒன்றிலிருந்து படித்து மற்றொன்றில் எழுதவிட்டதில் எனக்குக் கிடைத்த பலன் கூடுதல். இன்னொன்று, ப்ராஜெக்ட் ஃபோல்டரை விண்டோஸ் டிஃபெண்டரின் நேரடிச் சோதனையிலிருந்து விலக்கி வையுங்கள். சிறு கோப்புகளாக ஆயிரக்கணக்கில் எழுதும் மென்பொருள்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், செலவும் இல்லை.

இங்கே எல்ஏஎஸ்ஸின் சுருக்கிய உருவான எல்ஏஇசட் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மார்ட்டின் ஐசன்பர்க் உருவாக்கிய லாஸ்ஜிப், எல்ஏஎஸ் கோப்பை ஒரு தகவலும் இழக்காமல் பல மடங்கு சுருக்கிவிடும். அதைத் திறந்த மூலமாக உலகத்துக்கே கொடுத்துவிட்டு 2021-ல் அவர் மறைந்தார். முடித்த வேலைகளை நான் எல்ஏஇசட்டில்தான் சேமிக்கிறேன். சுருக்கவும் விரிக்கவும் பிராசஸர் உழைக்க வேண்டும் என்பதால் நடப்பு வேலைக்கு எல்ஏஎஸ், காப்பகத்துக்கு எல்ஏஇசட்.

பிராசஸர் விஷயத்தில், கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். இறக்குமதியின்போது எல்லாக் கோர்களும் ஓடும். அதன்பின் இரண்டு ஸ்கேன்களைப் பொருத்துவது, பெரிய கோப்பு ஒன்றை ஏற்றுமதி செய்வது, ரெவிட்டில் வரைவது எல்லாம் ஒன்றிரண்டு கோர்களிலேயே பெரும்பாலும் நடக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு முழு வேலையைச் செய்து பாருங்கள். பிராசஸர் 4, 5 சதவீதத்தில் நிற்கிறது என்றால் 12 கோரில் ஒன்றுதான் உழைக்கிறது (விண்டோஸ் இந்த 12 கோரை 24 ஆக எண்ணும்). அந்த ஒற்றைக் கோரின் வேகம்தான் உங்கள் பொழுதைத் தீர்மானிக்கிறது. கோர் நிறைய, கிளாக் குறைவு என்று இருக்கும் பழைய ஜியான் சர்வர் பிராசஸர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நாள் முழுக்க இறக்குமதி மட்டுமே ஓடும் இடத்துக்கு அவை சரி. ஒருவரே எல்லாம் செய்யும் அலுவலகத்துக்கு 12 அல்லது 16 வேகமான கோர்கள் போதும்.

கிராபிக்ஸ் கார்டு பற்றிச் சுருக்கமாக. இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை எல்லாப் புள்ளிகளையும் திரைக்கு அனுப்புவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும் பொறுக்கி அனுப்பும். ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி எனக்கு லேசர் ஸ்கேன் வேலையில் ஒருமுறைகூடப் போதாமல் போனதில்லை. ட்ரோன் படங்களிலிருந்து மாடல் செய்ய மெட்டாஷேப், ரியாலிட்டி கேப்சர் (இப்போது ரியாலிட்டிஸ்கேன்) ஓட்டுபவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே என்விடியா கார்டு உண்மையாகவே உழைக்கும், அதற்குச் செலவழிக்கலாம். வெறும் ஸ்கேன் என்றால் அந்தப் பணத்தை ரேமுக்குத் திருப்புங்கள்.

மின்சாரமும் வெப்பமும் வாங்கும்போது யாரும் பேசாதவை. நம் ஊரில் வேலையைக் கெடுப்பவை பெரும்பாலும் இவைதான். இரவு முழுக்க ஓடவிட்ட ரெஜிஸ்ட்ரேஷன் காலை நான்கு மணிக்கு மின்வெட்டில் நின்றால் ஒரு நாள் போயிற்று. மலிவான யுபிஎஸ்கள் பேட்டரிக்கு மாறும்போது தருவது முழுமையான சைன் அலை இல்லை. இப்போதைய ஆக்டிவ் பிஎஃப்சி பவர் சப்ளைகளில் சில அந்த நொடியிலேயே அணைந்துவிடும். யுபிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் நிற்கிறதே என்று குழம்புவோர் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. தூய சைன் அலை தரும் ஆன்லைன் யுபிஎஸ் வாங்குங்கள், எர்த்தை எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள்.

மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறையில் இரவு வேலை ஓடினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 5900எக்ஸ் இயல்பில் 142 வாட் வரை இழுக்கும். அந்த மாதங்களில் நான் பயாஸில் பிராசஸர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடு போட்டுவிடுகிறேன். இறக்குமதி கொஞ்சம் தாமதமாகும், ஒற்றைக் கோர் வேலைகளில் மாற்றமே தெரியாது, அறைச் சூடு தெளிவாகக் குறையும். என்விஎம்இ மேல் ஹீட்சிங்க் கட்டாயம்.

காப்பு நகல் பற்றி ஒரு வார்த்தை: ஒரு டிபியை சாதா கிகாபிட் நெட்வொர்க்கில் அனுப்ப இரண்டரை மணி நேரம், 10 கிகாபிட்டில் கால் மணி நேரம் சொச்சம். இரண்டு பேர் ஒரே தரவில் வேலை செய்கிற அலுவலகமானால் 10 கிகாபிட் கார்டுகள் கிராபிக்ஸ் கார்டை விட நல்ல செலவு.

இன்று புதிதாகக் கட்டினால்? ஏஎம்டியின் புதிய ஏஎம்5 வகைப் போர்டில் 12 அல்லது 16 கோர் ரைசன் எடுப்பேன். ஆனால் டிடிஆர்5-இல் நான்கு ஸ்டிக் போடுவது முன்பைவிட மோசம். ரைசன் 7000-க்கு இரண்டு ஸ்டிக்குக்கு 5200 என்று சொல்லும் ஏஎம்டி, நான்குக்கு 3600 என்றுதான் சொல்கிறது. ஆகவே இரண்டு 48 ஜிபி, அல்லது இரண்டு 64 ஜிபி. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் இந்தச் செலவுதான் பட்ஜெட்டைத் தின்னும். முழுதும் இப்போது முடியாவிட்டால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், ரேமில் இறங்காதீர்கள். 128 ஜிபியும் போதாது என்கிற அளவுக்கு வேலை வந்தால் அது த்ரெட்ரிப்பர், ஜியான் டபிள்யூ என்ற ஒர்க்ஸ்டேஷன் பிராசஸர்களின் எல்லைக்குள் போகிறது. அங்கே போர்டும் பிழை திருத்தும் ஈசிசி ரேமும் சேர்ந்து செலவை வேறு தளத்துக்கு ஏற்றிவிடும். அதற்கு முன் தரவைப் பகுதி பகுதியாக வெட்டி வேலை செய்ய முடியுமா என்று பாருங்கள். தளம் வாரியாக, கட்டடம் வாரியாகப் பிரித்தால் பெரும்பாலும் முடியும்.

எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பதிவு செய்த நிறுவனத்துக்கு 18 சதவீதம் உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும், வாரண்டிக்கும் அதுவே சாட்சி. முடிந்தால் உங்கள் ப்ராஜெக்ட் ஒன்றிலிருந்து ஐந்தாறு ஸ்கேன்களை எஸ்எஸ்டியில் போட்டுக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். கட்டி முடித்த கம்ப்யூட்டரில் கிளவுட்கம்பேரை இறக்கி, அவற்றைத் திறந்து, ஆக்ட்ரீ போட்டு, எல்ஏஇசட்டாக எழுதிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கிளவுட்கம்பேர் இலவசம்தான், இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் கேட்டால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.