டிராவிட், மஹேல: உள்ளூர்க் கணக்கும் வெளியூர்க் கணக்கும்

‘தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை’ என்ற பழமொழியை இலங்கையின் மஹேல ஜயவர்தனவின் மேல் ஒட்டிவிடுவது கிரிக்கெட் பேசுவோருக்குப் பழகிப்போன காரியம். அவருக்கு எதிர்முனையில் நிறுத்தப்படுபவர் பெரும்பாலும் இந்தியாவின் ராகுல் டிராவிட்டாகவே இருப்பார். டிராவிட் 1996 முதல் 2012 வரையும், மஹேல 1997 முதல் 2014 வரையும் டெஸ்ட் ஆடினார்கள். இருவரும் நடுவரிசையைத் தாங்கியவர்கள், ஸ்லிப்பில் நின்றவர்கள், அணித்தலைவர்களாக இருந்தவர்கள். உள்நாட்டு, வெளிநாட்டுச் சராசரிகளை வைத்து ஒரு மட்டையாளரின் பெருமையை அளக்கலாமா என்று சோதிக்க இவர்களைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது.

முதலில் குற்றச்சாட்டுக்கு ஆதாரமான எண்களைப் பார்க்கலாம். மஹேல 149 டெஸ்டுகளில் 49.84 சராசரியுடன் (ஒருமுறை ஆட்டமிழப்பதற்குச் சராசரியாக எடுத்த ரன்) 11,814 ரன் எடுத்தார். அவற்றுள் இலங்கையில் ஆடிய 81 டெஸ்டுகளில் எடுத்தவை மட்டும் 7,167 ரன், சராசரி 59.72. வெளியே ஆடிய 68 டெஸ்டுகளில் அது 39.72 ஆக விழுகிறது. 34 சதங்களில் 23 சொந்த மண்ணில் அடித்தவை. டிராவிட்டின் கணக்கோ தலைகீழ். இந்தியாவில் 70 டெஸ்டுகளில் 51.35, வெளியே 94 டெஸ்டுகளில் 53.03, 36 சதங்களில் 21 வெளியே அடித்தவை. இந்த இரண்டு வரிகளோடு வழக்கை முடித்துவிடுவோரே அதிகம்.

மஹேலவைக் குறைத்து மதிப்பிடுவோர் அடுத்ததாக நீட்டுவது கொழும்பு எஸ்.எஸ்.சி. (சிங்கள விளையாட்டுக் கழக) மைதானத்தை. அங்கே 27 டெஸ்டுகளில் 11 சதங்களுடன் 2,921 ரன், சராசரி 74.89. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 2006-ல் எடுத்த 374-ம், சங்கக்காரவுடன் சேர்த்த 624 ரன்னும் அங்கே வந்தவையே. மட்டையாளருக்கு மெத்தை விரித்துக் கொடுக்கும் ஆடுகளம் அது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஒரு சிறு கழித்தலைச் செய்து பார்க்க வேண்டும். உள்நாட்டுக் கணக்கிலிருந்து எஸ்.எஸ்.சி.யை முழுவதுமாக நீக்கினால் மீதமிருப்பது 54 டெஸ்டுகளில் 4,246 ரன்; சராசரி 52.42. தனக்கு மிகவும் பிடித்த மைதானத்தை இழந்த பிறகும், இந்தியாவில் டிராவிட் வைத்திருந்த சராசரியைவிட மஹேலவின் உள்நாட்டுச் சராசரி ஒரு ரன் கூடுதலாகவே நிற்கிறது. எஸ்.எஸ்.சி. தந்த சலுகை உண்மைதான், ஆனால் அவருடைய உள்நாட்டுப் பெருமை முழுவதும் அந்த ஒரு மைதானத்தின் தயவில் வந்ததன்று.

இலங்கை மண் அவ்வளவு எளிதா என்ற கேள்விக்கு டிராவிட்டே நல்ல சாட்சி. அங்கே அவர் ஆடிய 12 டெஸ்டுகளில் சராசரி 33.10; ஒரே ஒரு சதம். அந்தச் சதமான 107 ரன் 1999-ல் அதே எஸ்.எஸ்.சி.யில் வந்தது, அதே போட்டியில் மஹேல 242 எடுத்தார். இலங்கையின் சுழற்பந்து வீச்சாளர்களான முரளிதரனும் பிறகு அஜந்த மெண்டிஸும் வீசிய பந்துகளை மஹேல எதிர்கொள்ள வேண்டியிருக்கவில்லை என்பது நியாயமான மறுப்பு. அதை ஒதுக்கிவிட முடியாது. இருந்தாலும் சொந்த மண்ணில் அவர் ஆடிய எல்லாமே மெத்தை ஆட்டம் இல்லை. தமிழரான சரவணமுத்துவின் பெயரைத் தாங்கிய கொழும்பு சரா ஓவலில் 2006-ல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 352 என்ற இலக்கைத் துரத்தியபோது அவர் எடுத்தது 123. இலங்கை ஒரே விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. 2012-ல் காலியில் இங்கிலாந்துக்கு எதிராக அணி 318-க்குச் சுருண்டபோது அதில் 180 அவருடையது. என்னைக் கேட்டால் அந்த 374-ஐவிட இவ்விரண்டையும் மேலே வைப்பேன். ஆனால் அட்டவணையில் இவை மூன்றும் ‘உள்நாடு’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன.

‘உள்நாடு’, ‘வெளிநாடு’ என்ற முத்திரைகள் எவ்வளவு மேலோட்டமானவை என்பதற்கு 2009 நவம்பரில் அகமதாபாத்தில் நடந்த டெஸ்ட் தெளிவான சான்று. முதல் நாள் காலையில் இலங்கையின் வேகப்பந்து வீச்சாளர் வெலகெதர பந்தைக் காற்றில் வளைத்து இந்தியாவின் மேல்வரிசையைச் சரிக்க, 4 விக்கெட்டுக்கு 32 ரன் என்ற நிலையில் டிராவிட் நின்றார். நின்று 177 எடுத்தார். பிறகு ஆடுகளம் உறங்கிவிட்டது. மஹேல 275 எடுக்க, இலங்கை 7 விக்கெட்டுக்கு 760 ரன் குவித்து இன்னிங்ஸை முடித்துக்கொண்டது. கணக்கேட்டில் டிராவிட்டின் 177 உள்நாட்டு ரன், மஹேலவின் 275 வெளிநாட்டு ரன். எந்த இன்னிங்ஸ் கடினமான சூழலில் வந்தது என்று அந்த முதல் மணி நேரத்தைப் பார்த்தவரிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

டிராவிட்டின் 53.03-ஐயும் பிரித்துப் பார்ப்பதே முறை. இங்கிலாந்தில் 68.80, மேற்கிந்தியத் தீவுகளில் 65.69 என்று உயரும் சராசரி, ஆஸ்திரேலியாவில் 41.64, தென்னாப்பிரிக்காவில் 29.71 என்று இறங்குகிறது. வேகப்பந்துக்குப் பெயர்போன ஒரு நாட்டில் 11 டெஸ்டுகள் ஆடி முப்பதைக்கூட எட்டாதவரை ‘எங்கும் ஆடியவர்’ என்று சொல்வது சற்றே தாராளம். கடைசிப் பயணமான 2011-12 ஆஸ்திரேலியத் தொடரில் எட்டு இன்னிங்ஸில் 194 ரன் மட்டுமே எடுத்தார். சுவர் என்று பெயர் பெற்றவரின் ஸ்டம்புகள் அதில் ஆறு முறை சாய்ந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் டிராவிட்டையே நான் முன்னால் வைப்பேன். 2002-ல் இங்கிலாந்தின் ஹெடிங்லியில் மேகமூட்டத்துக்கு நடுவே எடுத்த 148. 2003-ல் அடிலெய்டில், ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 556 எடுத்த பிறகும் இந்தியாவை வெற்றிக்குக் கொண்டுசென்ற 233-ம் ஆட்டமிழக்காத 72-ம். 2006-ல் கிங்ஸ்டனில், இந்தியா 200-க்கும் 171-க்கும் சுருண்ட ஆட்டத்தில் எடுத்த 81-ம் 68-ம். இம்மூன்றும் அந்நிய மண்ணில் கிடைத்த வெற்றிகள். கடைசி வெற்றி மேற்கிந்தியத் தீவுகளில் 35 ஆண்டுகளுக்குப் பின் தொடரைப் பெற்றுத் தந்தது. மஹேலவிடம் 2002-லும் 2006-லும் லார்ட்ஸில் அடித்த இரு சதங்கள் இருக்கின்றன, 2007-ல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் அடித்த 104 இருக்கிறது. ஆனால் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்றில் எதிலுமே அவருடைய சராசரி 40-ஐத் தொடவில்லை. அந்தப் பள்ளத்தை எந்தக் கழித்தலாலும் மூட முடியாது.

அட்டவணை சொல்லாத இன்னொரு வேறுபாடும் உண்டு. இருவருக்கும் கிடைத்த வாய்ப்பு ஒன்றன்று. டிராவிட் முதல் ஆஸ்திரேலியப் பயணத்தில் ஆறு இன்னிங்ஸில் 93 ரன்னோடு திரும்பினார். நான்காண்டு கழித்து அதே நாட்டில் நான்கு டெஸ்டுகளில் 619 ரன் எடுத்தார். தோற்ற இடத்துக்கே திரும்பிப் போய், நான்கு டெஸ்டுகள் கொண்ட நீண்ட தொடரில் பிழையைத் திருத்திக்கொள்ள அவருக்கு இடமிருந்தது. மஹேலவின் காலம் முழுவதிலும் இலங்கைக்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்தவை ஏழே டெஸ்டுகள்: 2004-ல் இரண்டு, 2007-ல் இரண்டு, 2012-13-ல் மூன்று. ஆடுகளத்தின் துள்ளல் பழகும் முன்பே விமானம் ஏற வேண்டிய பயணங்கள் அவை. இரண்டாம் பயணத்தின் கடைசி டெஸ்டில் தான் ஹோபார்ட் சதம் வந்தது. அடுத்த டெஸ்டை அந்நாட்டில் ஆட அவர் ஐந்தாண்டு காத்திருந்தார்.